ஒன்றாம் எண்ணில் ஓடாத ஃபேன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய சீலிங் ஃபேன்களைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரெகுலேட்டரைப் பற்றியே கேட்கின்றன. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

குன்னூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை என்னுடையது. கீழே கோவையில் ஃபேன் வாங்க வருபவர், ஐந்தில் வைத்தால் காற்று எப்படி வருகிறது என்று பார்ப்பார். மலையில் நமக்கு ஒன்றாம் எண்தான் முக்கியம். ஏப்ரல், மே மாத மதியத்துக்கு, ஐப்பசி மழையில் வீட்டுக்குள் துணி உலர்த்துவதற்கு, கணப்பு எரியும் அறையில் கூரையடியில் போய்த் தங்கும் சூட்டைக் கீழே கொண்டுவருவதற்கு, எல்லாவற்றுக்கும் மெதுவான ஓட்டம் போதும். அந்த மெதுவான ஓட்டத்தைச் சத்தமில்லாமல் தரக்கூடியவை பழைய ஃபேன்கள். அதை ஒழுங்காகச் சரிசெய்து கொடுக்க ஆள் குறைந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: தாத்தா கட்டிய வீடு. கூடத்தில் ஒரே மாதிரி இரண்டு பழைய ஃபேன்கள். சுவரில் கையகலத்துக்குக் கறுப்பு ரெகுலேட்டர் பெட்டிகள், 1 முதல் 5 வரை. ஒரு ஃபேனில் குறை இல்லை. இன்னொன்று 5-ல் நன்றாக ஓடுகிறது. 1-லோ 2-லோ வைத்துச் சுவிட்சைப் போட்டால் உறுமிக்கொண்டே நிற்கிறது. குச்சியால் தள்ளிவிட்டால் ஓடும். பெட்டியைக் கழற்றிவிட்டுச் சுவிட்ச் போர்டில் சின்ன ரெகுலேட்டர் வைத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?
(வாசகர், பெட்ஃபோர்ட், குன்னூர்)

பதில்: இப்போதைக்குப் பெட்டியைத் தொட வேண்டாம். இந்தப் புகாரில் குற்றம் பெரும்பாலும் பெட்டியில் இருப்பதில்லை. எலக்ட்ரீஷியன் சொன்னபடி மாற்றினாலும் புது ரெகுலேட்டரில் இதே தொல்லை தொடரும்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது பீங்கான் கட்டையின்மேல் சுற்றிய நிக்ரோம் கம்பி. அதில் ஆங்காங்கே முனை எடுத்துப் பித்தளைக் காண்டாக்ட்களில் முடுக்கியிருப்பார்கள். 5-ல் வைத்தால் கரண்ட் கம்பியைத் தொடாமல் நேராகப் போகும். 4, 3 என்று இறங்க இறங்கக் கம்பியின் நீளம் கூடிக்கொண்டே வந்து, 1-ல் முழுக் கம்பியையும் தாண்டித்தான் கரண்ட் ஃபேனுக்குப் போக வேண்டும். அதனால் ஃபேனுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் குறைகிறது. இங்கே ஒன்றை மனதில் வையுங்கள். வோல்டேஜ் பாதியானால் மோட்டாரின் இழுவைச் சக்தியும் பாதியாகும் என்பதில்லை, கால் பாகமாகிவிடும். 5-ல் மோட்டாரிடம் மிச்சச் சக்தி நிறைய இருக்கிறது. பேரிங் இறுகியிருந்தாலும், மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் தளர்ந்திருந்தாலும் அந்த மிச்சம் மூடி மறைத்துவிடும். 1-ல் மறைக்க எதுவும் இல்லை. ஃபேனின் உடம்பில் எங்கே என்ன கோளாறு இருந்தாலும் அது முதலில் வெளிப்படும் இடம் 1-தான். பாவம், பழி மட்டும் ரெகுலேட்டர்மேல் விழுகிறது.

உங்களிடம் ஒரே மாதிரி இரண்டு ஃபேன்கள் இருப்பது பெரிய வசதி. இரண்டையும் 5-ல் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒரே சமயத்தில் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். நல்ல ஃபேன் சாவகாசமாகச் சுற்றி நிற்கும். மற்றது சீக்கிரமே நின்றால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். வருஷத்தில் பாதி நாள் ஓடாமல் தொங்கும் மலை வீட்டு ஃபேனில் பழைய கிரீஸ் மெழுகுபோல இறுகிவிடும். குளிர்ந்த காலைகளில் இன்னும் மோசம். பேரிங்கைக் கழற்றினால் அதன் விளிம்பில் எண் பொறித்திருக்கும், அதே எண்ணில் வாங்குங்கள். கடையில் ரப்பர் மூடி போட்டதும் தகர மூடி போட்டதும் இருக்கும். தகர மூடி போட்டதைக் கேளுங்கள். ரப்பர் மூடி அச்சில் உரசும். வேகமாக ஓடும் மோட்டாருக்கு அது ஒரு பொருட்டில்லை, 1-ல் ஓட வேண்டிய ஃபேனுக்கு அதுவும் ஒரு சுமை. பேரிங் நன்றாகவே இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, லித்தியம் கிரீஸ் வையுங்கள். உள்ளே இருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திணிக்க வேண்டாம்.

அடுத்தது கண்டென்சர். இன்றைய 48 அங்குல ஃபேனில் பொதுவாக 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும். பழையவற்றில் வேறு அளவுகளும் உண்டு. மேலே அச்சிட்ட எண்ணை நம்பாமல் மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 2.5 என்று போட்டது 1.6-க்கு இறங்கியிருந்தால் ஃபேன் 5-ல் ஓடும், 1-ல் கிளம்பாது. கண்டென்சர் முற்றிலும் செத்திருந்தால் கையால் எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் ஓடும், அதுவே அடையாளம். புதிதாகப் போடும்போது பழைய அளவையே போடுங்கள். வேகம் கூடட்டும் என்று 4 மைக்ரோஃபாரட் போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். முதல் நாள் வீட்டுக்காரருக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்புறம் ஸ்டார்ட்டிங் காயில் சூடேறிச் சூடேறிக் கறுக்கும். மிகப் பழைய ஃபேனில் எண்ணெய் நிரப்பிய தகர டப்பா கண்டென்சர் இருந்து, அது கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அந்தக் காலத்து எண்ணெயில் பிசிபி என்ற நச்சு இருக்கக்கூடும். எந்தக் கண்டென்சரையும் அதன் இரண்டு முனைகளை ஒரு குண்டு பல்பின் வழியாக இணைத்து, உள்ளே தங்கியிருக்கும் கரண்டை இறக்கிய பின்பே கையில் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் பெட்டியைத் திறங்கள், மெயினை அணைத்துவிட்டு. ஒரு எண் மட்டும் வேலை செய்யாமல் மற்றவை ஓடினால் அந்த எண்ணின் காண்டாக்ட் அழுக்கு. ஜீரோ நம்பர் உப்புத்தாளால் பச்சை நீங்கத் தேய்த்து, சுழலும் தகட்டின் ஸ்பிரிங் அழுத்தம் சரியா என்று பாருங்கள். ஒரு எண்ணும் அதற்குக் கீழே உள்ள எல்லா எண்களும் செத்திருந்தால் கம்பி அறுந்திருக்கிறது. உதாரணமாக 5, 4 ஓடி 3, 2, 1 ஓடவில்லை என்றால் அறுப்பு 4-க்கும் 3-க்கும் நடுவே. நிக்ரோமில் சாதாரண ஈயப்பற்று பிடிக்காது. இரண்டு முனைகளையும் சுரண்டி, சின்னப் பித்தளைத் திருகுக் கட்டைக்குள் விட்டு இறுக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தப் பெட்டி சூடாகும், அது நோய் அல்ல. கால் ஆம்பியர் ஓடி, கம்பியில் 100 வோல்ட் விழுந்தால் 25 வாட் சூடாக வெளியே போகும். அதற்காகத்தான் பெட்டியில் காற்றுத் துளைகள். பல பழைய வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அடித்த சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அந்தத் துளைகளை அடைத்திருக்கின்றன. ஒரு ஊசியை எடுத்துக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் திரைச்சீலை தொங்க வேண்டாம்.

கேள்வி: பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, திருகினால் சீராக வேகம் மாறும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைத்தோம். வேகம் குறையக் குறைய ஃபேன் ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது. இரவில் தூங்க முடியவில்லை. எங்கள் ஊரில் இரவு எவ்வளவு அமைதி என்று உங்களுக்கே தெரியும்.
(வாசகி, கோத்தகிரி அருகே)

பதில்: தெரியும் அம்மா. டவுனில் இந்த முனகல் காதில் விழாது. தேயிலைத் தோட்ட நடுவில் இருக்கும் வீட்டில் அது ஒன்றுதான் காதில் விழும்.

அந்த ரெகுலேட்டருக்குள் டிரையாக் என்ற பாகம் இருக்கிறது. நமக்கு வரும் கரண்ட் நொடிக்கு 50 அலைகள். டிரையாக் ஒவ்வொரு அரை அலையின் முன்பகுதியையும் வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்புகிறது. வேகத்தைக் குறைக்கக் குறைக்க வெட்டு பெரிதாகும். பாதியில் திடீரென்று தொடங்கும் அந்த அலை, காயிலையும் இரும்புத் தகடுகளையும் நொடிக்கு 100 முறை உலுக்கும். பழைய ஃபேனில் வார்னிஷ் காய்ந்து தகடுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அதனால் சத்தம் இன்னும் கூடும். ஃபேனில் குறை இல்லை, அதற்குப் பொருந்தாத துணை வந்து சேர்ந்திருக்கிறது.

கண்டென்சர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர் என்று கேட்டு வாங்குங்கள். வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ‘டக் டக்’ என்று நான்கைந்து இடங்களில் நின்று திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் கண்டென்சர் வகை. வழுக்கிக்கொண்டு திரும்பினால் டிரையாக். கண்டென்சர் வகை அலையை வெட்டாது, அதன் உயரத்தை மட்டும் குறைக்கும். முனகல் ஏறக்குறைய நின்றுவிடும். பழைய பெட்டியைப் போலச் சூடும் ஆகாது.

ஆனால் வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைப்பவை சாதாரண 75 வாட் ஃபேனுக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. பழைய கனத்த ஃபேன் அதைவிட அதிகக் கரண்ட் இழுத்தால், அதே கண்டென்சரில் அதிக வோல்டேஜ் விழுந்து 1-ல் ஃபேன் கிளம்பாமல் நிற்கும். அதனால் ஃபேன் 5-ல் ஓடும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 75 வாட் ஃபேன் என்றால் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு அளவு வரும். அதைவிட வெகுவாகக் கூடினால் 100, 120 வாட் வரை தாங்கும் என்று அட்டையில் போட்டதை வாங்குங்கள். அல்லது உங்கள் பழைய பெட்டியையே திரும்ப மாட்டுங்கள். அதைத் தூக்கிப் போடவில்லை என்று நம்புகிறேன்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டுவீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் எந்த ரெகுலேட்டர் போட்டாலும் ஃபேன் உறுமும், கண்டென்சர் ரெகுலேட்டர் சூடும் ஆகும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: கோவையில் 2-ல் வைத்தால் மெதுவாகச் சுற்றிய ஃபேனை, ரெகுலேட்டரோடு சேர்த்து ஊட்டி வீட்டில் மாட்டினோம். இங்கே அதே 2-ல் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவதாகத் தோன்றுகிறது. பிரமையா?
(வாசகர், ஃபெர்ன்ஹில், ஊட்டி)

பதில்: பிரமை இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கை தள்ள வேண்டிய காற்று லேசாகிவிட்டதால் குறைந்த வேகங்களில் மோட்டார் கொஞ்சம் முந்தும். 5-ல் இந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் வீட்டில் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். 1-ல் வைத்துக்கொள்ளுங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய பங்களாவில் ஒரு அமெரிக்க சீலிங் ஃபேன் இருக்கிறது. தகட்டில் 120 வோல்ட், 60 சைக்கிள் என்று போட்டிருக்கிறது. தொங்கும் சங்கிலியை இழுத்தால் மூன்று வேகம். சுவரில் அதற்கென்று ஒரு திருகு ரெகுலேட்டரும் உண்டு, அதன் குமிழுக்குப் பக்கத்தில் சின்னத் துளைக்குள் ஒரு ஸ்குரூ தெரிகிறது. டிரான்ஸ்பார்மர் வைத்து 120 வோல்ட் கொடுத்தோம். மோட்டார் கொதிக்கிறது, உறுமுகிறது. மெதுவாக வைத்தால் நின்றேவிடுகிறது. இதைக் காப்பாற்ற முடியுமா?
(வாசகர், கொடைக்கானல்)

பதில்: காப்பாற்றலாம், கட்டாயம் காப்பாற்றுங்கள். அமெரிக்க மிஷனரிகள் 1901-ல் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் உங்களுடையது. அந்த நாட்டுச் சாமான்கள் மலையேறி வந்து இன்னும் சில வீடுகளில் இருப்பது வியப்பில்லை.

முதலில் சூடு. அந்த மோட்டார் 60 ஹெர்ட்ஸில் (தகட்டில் சைக்கிள் என்று போட்டிருப்பது அதுதான்) 120 வோல்ட்டுக்குக் கட்டியது, அதாவது ஒரு ஹெர்ட்ஸுக்கு 2 வோல்ட். நம் லைன் 50 ஹெர்ட்ஸ். அதே கணக்கில் அதற்கு 100 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். 120 கொடுத்தால் இரும்பு தாங்கும் அளவைத் தாண்டி காந்தப்புலம் ஏறி, காயில் வீணாகக் கரண்ட் இழுக்கும். கொதிப்பும் உறுமலும் அதனால்தான். 100 வோல்ட் முனை உள்ள டிரான்ஸ்பார்மரைக் கட்டித் தரச் சொல்லுங்கள். கூடவே 80, 65 வோல்ட் முனைகளும் எடுத்து, கீழே நான் சொல்லும் திருகு ரெகுலேட்டருக்குப் பதிலாக ஒரு ரோட்டரி சுவிட்ச் வைத்தால் அதுவே சத்தமில்லாத வேகக் கட்டுப்பாடு ஆகிவிடும். என்னைக் கேட்டால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

வேகம் எப்படியும் ஆறில் ஒரு பங்கு குறையும். 18 காந்த முனைகள் உள்ள மோட்டார் என்றால் அதன் காந்தப்புலம் அங்கே நிமிஷத்துக்கு 400 சுற்று, இங்கே 333. ஃபேன் அதைவிடக் கொஞ்சம் பின்தங்கியே ஓடும். கொடைக்கானலுக்கு அது தாராளம்.

இனி அந்தச் சின்ன ஸ்குரூ. சுவர் ரெகுலேட்டரை அப்படியே வைத்துக்கொள்ள விரும்பினால் அது முக்கியம். அதுவும் டிரையாக் வகையாகத்தான் இருக்கும். பெரிய குமிழ் வேகத்தை மாற்றும். குமிழைக் கடைசி வரை குறைத்தாலும் ஃபேன் எந்த வேகத்துக்குக் கீழே போகக் கூடாது என்று அடித்தளம் போடுவது சின்ன ஸ்குரூ. இப்போது 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் பழைய அமைப்பு பொருந்தாது. மாற்றும் முறை இது.

ரெகுலேட்டர் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால், ஃபேன் பக்கம் இருக்க வேண்டும். டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் டிரையாக் வைத்தால் டிரான்ஸ்பார்மர் கெடும். ஃபேன் சங்கிலியை அதிகபட்ச வேகத்தில் விட்டுவிடுங்கள், சங்கிலியிலும் சுவரிலும் இரண்டு இடத்தில் குறைப்பது மோட்டாருக்கு ஆகாது. பிறகு ஒரு குளிர்ந்த காலையில், ஃபேன் இரவு முழுவதும் நின்றிருந்த நிலையில், குமிழைக் கடைசி மெதுவில் வைத்துச் சுவிட்சைப் போடுங்கள். சில நொடிகளில் கிளம்பாவிட்டால் உடனே அணையுங்கள். நின்ற நிலையில் கரண்ட் பாய்ந்தால் காயில் சூடேறும், ஆற்றுவதற்குக் காற்றும் இருக்காது. ஸ்குரூவை மயிரிழை திருப்பி மறுபடி போடுங்கள். எந்த இடத்தில் தானாகக் கிளம்புகிறதோ அங்கிருந்து இன்னும் ஒரு மயிரிழை கூட்டி விடுங்கள். வோல்டேஜ் குறைந்த மாலையிலும் கிளம்ப வேண்டும் அல்லவா. அரை மணி நேரம் ஓடி கிரீஸ் இளகிய பின் வேகத்தைப் பாருங்கள். காலையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடியிருக்கும். அது அதிகமாகத் தோன்றினால் லேசாகக் குறைத்து, அடுத்த காலை மறுபடி கிளம்புகிறதா என்று சோதியுங்கள். ஒரே உட்காரலில் முடிக்க நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்குரூ டிரைவர் வேண்டும். மூடியைக் கழற்றித்தான் திருப்ப முடியும் என்றால் ஒவ்வொரு முறையும் மெயினை அணையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு வேலை. ஹன்டர் போன்ற கம்பெனிகளின் பழைய மாடல்களில் பேரிங் எண்ணெயில் மூழ்கி ஓடும். உங்களுடையது அந்த வகையா என்று மோட்டார் உடம்பில் எண்ணெய்த் துளை தேடுங்கள். இருந்தால், டிடர்ஜென்ட் சேராத 10 வெயிட் மோட்டார் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கார் எஞ்சின் ஆயிலோ தேங்காய் எண்ணெயோ வேண்டாம்.

கேள்வி: தென்மேற்குப் பருவமழை முடிந்து ஃபேனைப் போட்டபோது ரெகுலேட்டர் பெட்டியைத் தொட்டதும் லேசாக ஷாக் அடித்தது. வேகமும் சரியாக மாறவில்லை.
(வாசகர், கூடலூர்)

பதில்: அதைச் சரிபார்க்கும் வரை அந்த ஃபேனைப் போடாதீர்கள், சுவிட்சைத் தொடவும் வேண்டாம். கூடலூர் மழையில் மாதக்கணக்கில் நின்ற ஃபேனின் காயிலில் ஈரம் ஏறும். பழைய பருத்திச் சுற்றும் காய்ந்த வார்னிஷும் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். கீழே இறக்கி, கரண்ட் கசிகிறதா என்று காட்டும் 500 வோல்ட் மெக்கர் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டக் கூடாது. ஒரு மரப்பெட்டியில் மோட்டாரை வைத்து, உள்ளே 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்து ஓரிரு நாள் உலர்த்துங்கள். மீட்டர் ஏறி வந்தால் வார்னிஷ் அடித்து மறுபடி உலர்த்தி மாட்டலாம். ஏறவே இல்லை என்றால் காயில் புதிதாகக் கட்ட வேண்டும்.

ஷாக் அடித்தது பெட்டியில் அல்லவா, அதையும் பாருங்கள். அதன் வெளிக்கூடு இரும்பா? பழைய வீடுகளில் அதற்கு எர்த் வயர் இருக்காது, மரப்பட்டையில் இரண்டே வயர் ஓடும். எர்த் இழுங்கள். ரெகுலேட்டரும் சுவிட்சும் ஃபேஸ் வயரில்தான் இருக்கிறதா என்று டெஸ்டரில் பாருங்கள். நியூட்ரலில் மாட்டியிருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் ஃபேன் காயிலில் கரண்ட் நிற்கும். மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச்) ஒன்றை வைத்துவிடுங்கள். பழைய சாமானை வைத்துக்கொள்ள விரும்பும் வீட்டில் அது கட்டாயம்.

கேள்வி: பழைய சாமான் கடையில் பித்தளை வளையம் போட்ட அழகான ஃபேன் கிடைத்தது. டிசி, 220 வோல்ட் என்று தகட்டில் இருக்கிறது. ரெகுலேட்டர் இல்லை. எது பொருந்தும்?
(வாசகர், வெலிங்டன்)

பதில்: நேரடியாக நம் வீட்டு ஏசி கரண்டில் மாட்டாதீர்கள். உள்ளே கார்பன் பிரஷ்ஷும் செப்புக் கம்யூட்டேட்டரும் இருக்கும். கல்கத்தாவின் சில பகுதிகளில் வெகுகாலம் டிசி கரண்ட் ஓடியது. அங்கிருந்து வந்திருக்கலாம், அல்லது பைக்காரா நீர்மின் நிலையக் கரண்ட் 1932-ல் வருவதற்கு முன் ஏதாவது எஸ்டேட் டைனமோவில் ஓடியிருக்கலாம்.

பிரிட்ஜ் ரெக்டிஃபயர் ஒன்று, 1000 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள். 230 வோல்ட் ஏசி அதன் வழியாக வந்தால் சராசரி 207 வோல்ட் டிசி கிடைக்கும், உங்கள் ஃபேனுக்கு அது போதும். வேகத்தைக் குறைக்க நிக்ரோம் கம்பிப் பெட்டி மட்டும்தான் பொருந்தும். கண்டென்சர் ரெகுலேட்டரை டிசி பக்கம் மாட்டினால் ஃபேன் அசையாது, ஏனென்றால் கண்டென்சர் டிசியை விடாது. முதல் கேள்வியில் ஒரு வாசகர் பெட்டியைக் கழற்றிவிடலாமா என்று கேட்டாரே, அப்படி யாராவது எறியும் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் தேய்ந்திருந்தால் பொறி பறக்கும், அதை முதலில் மாற்றுங்கள்.

கேள்வி: மின்சாரம் மிச்சமாகும் என்று எல்லோரும் பிஎல்டிசி ஃபேனுக்கு மாறச் சொல்கிறார்கள். பழையதை வைத்திருப்பது வீண் செலவா? பிஎல்டிசி ஃபேனைப் பழைய ரெகுலேட்டரில் மாட்டலாமா?
(வாசகி, லவ்டேல்)

பதில்: இரண்டாவது கேள்விக்கு: கூடாது. பிஎல்டிசி என்றால் பிரஷ் இல்லாத டிசி மோட்டார். அந்த ஃபேனுக்குள் தனி எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, வேகத்தைப் பொதுவாக ரிமோட்டில்தான் மாற்ற வேண்டும். பழைய ரெகுலேட்டர் வைத்தால் அந்தச் சர்க்யூட் கெடக்கூடும்.

முதல் கேள்விக்குக் கணக்குப் போடுவோம். பழைய ஃபேன் 80 வாட், புதியது 30 வாட் என்று வைத்தால் 50 வாட் மிச்சம். மதுரையிலோ திருச்சியிலோ ஒரு நாளைக்கு 16 மணி நேரம், வருஷத்தில் 300 நாள் ஓடினால் 240 யூனிட் மிச்சமாகும். அங்கே இருப்பவர் கேட்டால் மாற்றுங்கள் என்றே சொல்வேன். லவ்டேலில் வருஷத்தில் 90 நாள், நாளைக்கு 4 மணி நேரம் ஓடினால் மிச்சம் 18 யூனிட். அதற்காக நல்ல செப்புக் கம்பியும் கனத்த இரும்பும் உள்ள ஒரு ஃபேனை எடைக்குப் போட எனக்கு மனம் ஒப்பாது. பேரிங்கும் கண்டென்சரும் மாற்றினால் அது உங்கள் பிள்ளைகள் காலத்திலும் ஓடும்.

கேள்வி: விளக்குக்கு வைக்கும் டிம்மரை ஃபேனுக்கு வைக்கலாமா?
(வாசகர், அருவங்காடு)

பதில்: கூடாது. பல்புக்குச் செய்த டிம்மர் மோட்டாரின் காயிலைத் தாங்காது, டிரையாக் சீக்கிரம் போய்விடும். ஃபேனும் முனகும், சூடாகும்.

கேள்வி: காப்பி காயவைக்கும் அறையில் இரண்டு ஃபேன்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பழைய ரெகுலேட்டர் பெட்டி வைத்தால் ஒன்றாகக் கூட்டிக் குறைக்கலாமே?
(வாசகர், தாண்டிக்குடி)

பதில்: வேண்டாம். இரண்டு ஃபேன்களின் கரண்டும் ஒரே கம்பி வழியாகப் போனால் அதில் விழும் வோல்டேஜ் மிகவும் கூடிவிடும். 3-ல் வைத்தாலே இரண்டும் 1-ல் வைத்ததுபோல நொண்டும். சூடு அதைவிட மோசம்: கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பியின் சூடு நான்கு மடங்கு. காப்பித் தோலும் தூசும் பறக்கும் அறையில் அப்படி ஒரு பெட்டி சுவரில் இருக்கக் கூடாது. ஆளுக்கு ஒன்று வையுங்கள். இரண்டையும் அறைக்கு வெளியே தாழ்வாரச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் ஒரே இடத்தில் நின்று கூட்டிக் குறைக்கலாம்.